டிஎன்ஏவின் முறுக்கு: எழுத்துக்கு வெளியே இருக்கும் கட்டளை

போன குறிப்பில் புரோமோட்டர் பற்றி எழுதியிருந்தேன். ஒரு மரபணு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஆர்.என்.ஏ பாலிமரேஸுக்குச் சொல்லும் எழுத்து வரிசைதான் புரோமோட்டர். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "எழுத்தும் மாறலை, வாசிக்கிற மெஷினும் அதேதான். அப்புறம் ஏன் ஒரு ஜீன் இப்ப ஓடுது, கொஞ்ச நேரத்துல நிக்குது?"

இதற்கு வழக்கமான பதில், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து தூண்டும் அல்லது தடுக்கும் புரதங்கள். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி எழுத்திலும் இல்லை, புரதத்திலும் இல்லை. அது டிஎன்ஏ எவ்வளவு முறுக்கேறி இருக்கிறது என்பதில் இருக்கிறது. சூப்பர்காயிலிங் என்பார்கள், தமிழில் மிகைச்சுருள் என்று சொல்லலாம். நம் ஊரில் காசநோய்க்குக் கொடுக்கும் ஒரு முக்கியமான மருந்து வகை கை வைப்பதும் இந்த முறுக்கில்தான். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

ஒரு சணல் கயிறு போதும்

இரண்டு புரி உள்ள சணல் கயிறு ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, ஒரு முனையை மட்டும் முறுக்குங்கள். முறுக்கு ஏறுகிற திசையிலும் முறுக்கலாம், அவிழ்கிற திசையிலும் முறுக்கலாம். பிறகு இரண்டு கையையும் பக்கத்தில் கொண்டுவந்தால் கயிறு தன் மேலேயே சுற்றிக்கொள்ளும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸைச் சுருட்டும்போது அது முறுக்கிக்கொண்டு நம்மைப் பாடாய்ப் படுத்துவதும் இதே விஷயம்தான்.

டிஎன்ஏவும் இரண்டு புரிக் கயிறு. செல்லுக்குள் இருக்கும் சாதாரண நிலையில் சுமார் 10.5 எழுத்து ஜோடிக்கு ஒரு சுற்று. அவிழ்கிற திசையில் முறுக்கினால் எதிர்மறை மிகைச்சுருள், இறுகுகிற திசையில் முறுக்கினால் நேர்மறை மிகைச்சுருள். முனைகள் கட்டப்பட்டிருக்கும்வரை இந்த முறுக்கு எங்கும் ஓடிப்போக முடியாது. பாக்டீரியாவின் டிஎன்ஏ வளையமாக இருக்கிறது, அதற்கு முனையே கிடையாது. நம் செல்லில் டிஎன்ஏ நீளமாக இருந்தாலும் அங்கங்கே புரதங்கள் பிடித்துக் கட்டி வைத்திருப்பதால் விளைவு ஒன்றுதான்.

ஈ.கோலை பாக்டீரியாவில் சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடி. 10.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4 லட்சத்து 40 ஆயிரம் சுற்று இருக்கவேண்டும். ஆனால் அதில் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைவாக இருக்கிறது. அதாவது 26 ஆயிரம் சுற்று அளவுக்கு அந்தக் கயிறு அவிழ்கிற பக்கமாக முறுக்கப்பட்டிருக்கிறது. இது தற்செயல் இல்லை. செல் தன் ஆற்றலைச் செலவு பண்ணி இதை இப்படி வைத்திருக்கிறது.

அந்த வேலையைச் செய்பவை டோபோஐசோமரேஸ் என்னும் நொதிகள். 1971இல் ஜேம்ஸ் வாங் முதலாவதைக் கண்டுபிடித்தார். அது ஒரு புரியை மட்டும் வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டிவிடும். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழு கைரேஸைக் கண்டுபிடித்தது. அது இரண்டு புரியையும் வெட்டி, அந்த வெட்டு வழியாக டிஎன்ஏவின் இன்னொரு பகுதியைக் கடத்தி, திரும்ப ஒட்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு சுற்று குறையும். இதற்கு ஏடிபி செலவாகும். ஒன்று தளர்த்துகிறது, இன்னொன்று எதிர்மறை முறுக்கை ஏற்றுகிறது. இந்த இழுபறியில்தான் செல்லின் முறுக்கு அளவு நிற்கிறது.

பெங்களூரில் எழுந்த சந்தேகம்

இவ்வளவு சுற்று நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு காலத்தில் தீவிரமாகச் சந்தேகப்பட்டவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு, வி. சசிசேகரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனோடு வேலை செய்தவர். புரத அமைப்பைப் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த ராமச்சந்திரன் வரைபடத்துக்கு அடிப்படையான 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயர் இருக்கும். அந்த மூன்றாமவர்.

பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் குழு ஒரு கேள்வியை எழுப்பியது. லட்சக்கணக்கான சுற்று பின்னிக்கிடந்தால் செல் பிரியும்போது இரண்டு புரியும் எப்படிப் பிரியும்? ஒருவேளை டிஎன்ஏ கொஞ்ச தூரம் வலப்பக்கமாகவும், அடுத்த கொஞ்ச தூரம் இடப்பக்கமாகவும் மாறி மாறிச் சுற்றியிருந்தால்? அப்போது மொத்தப் பின்னல் ஏறக்குறைய பூஜ்யம், இரண்டு புரியும் அருகருகே படுத்திருக்கும், சிக்கலே இல்லை. 1970களின் பிற்பாதியில் இந்த மாதிரியை வெளியிட்டார்கள். நியூசிலாந்தில் ஒரு குழுவும் தனியாக இதைப் போன்ற ஒன்றைச் சொன்னது.

கேள்வி அசட்டுத்தனமானது இல்லை. அதனால்தான் பிரான்சிஸ் கிரிக்கே உட்கார்ந்து பதில் எழுதவேண்டி வந்தது. வாங், பவர் ஆகியோருடன் சேர்ந்து 1979இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, டிஎன்ஏ உண்மையில் இரட்டைச் சுருள்தானா என்ற கேள்விதான். விடை மிகைச்சுருள் வழியாக வந்தது. வளைய டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிட்டால், ஒரு சுற்று வித்தியாசம் உள்ளவை தனித்தனிப் பட்டையாகப் பிரியும். சுற்றை விரல் விட்டு எண்ணுவது மாதிரி. வாங் வளையத்துக்குள் சில எழுத்துகளைச் செருகி, பட்டைகள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்தார். கரைசலில் இருக்கும் டிஎன்ஏவுக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 10.4 எழுத்து ஜோடி என்று வந்தது. ஆக, சுற்று நிஜம். புரிகள் எப்படிப் பிரியும் என்ற கேள்விக்கு டோபோஐசோமரேஸ்களே பதில். சசிசேகரனின் மாதிரி தோற்றது, ஆனால் அவர் கேட்ட கேள்வி முறுக்கை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டிய நிலைக்கு எல்லாரையும் கொண்டுவந்தது.

முறுக்கு எப்படி வாசிப்பை மாற்றுகிறது?

மரபணுவை வாசிக்கப் பாலிமரேஸ் முதலில் இரண்டு புரியையும் பிரிக்கவேண்டும். ஏறக்குறைய 12 முதல் 14 எழுத்து ஜோடி அளவுக்கு ஒரு குமிழி திறக்கணும். கயிறு ஏற்கெனவே அவிழ்கிற பக்கம் முறுக்கேறி இருந்தால் குமிழி சுலபமாகத் திறக்கும். இறுகிக் கிடந்தால் கஷ்டம். முதல் விளைவு இதுதான்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. பாக்டீரியா புரோமோட்டரில் பாலிமரேஸ் பிடிக்கவேண்டிய இடம் இரண்டு. நடுவே சுமார் 17 எழுத்து இடைவெளி. சுருள் என்பதால் அந்த இடைவெளியில் முறுக்கு கூடினாலோ குறைந்தாலோ ஒரு பிடி மேல்பக்கம் பார்க்கும்போது இன்னொன்று பக்கவாட்டில் திரும்பிவிடும். இரண்டு கைப்பிடியும் ஒரே பக்கம் இருந்தால்தானே மூட்டையைத் தூக்கமுடியும்? அதனால் ஒரே முறுக்கு மாற்றம் சில மரபணுக்களைத் தூண்டும், சிலவற்றை அடக்கும்.

இதை இயற்கை ஒரு தானியங்கிக் கட்டுப்பாடாகவே பயன்படுத்துகிறது. 1983இல் மென்செல், கெல்லர்ட் இருவரும் காட்டியது இது: டிஎன்ஏ தளர்ந்தால் கைரேஸ் மரபணுக்கள் அதிகமாக வாசிக்கப்படுகின்றன. கைரேஸ் கூடினால் முறுக்கு திரும்ப ஏறுகிறது. தளர்த்தும் நொதியின் மரபணு இதற்கு நேரெதிர், எதிர்மறை முறுக்கு கூடினால்தான் அது நன்றாக ஓடும். தொட்டி நிரம்பினால் மிதவை குழாயை அடைக்கிற மாதிரி.

ஈ.கோலையில் முறுக்கைத் தளர்த்தினால் எத்தனை மரபணு மாறும் என்று 2004இல் ஒரு குழு மொத்தமாக அளந்தது. 306 மரபணுக்கள். சில ஏறின, சில இறங்கின.

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் சால்மோனெல்லாவில் கிடைத்தது. லியூ-500 என்று ஒரு பிறழ்வு. லியூசின் தயாரிக்கும் மரபணுக்களின் புரோமோட்டரில் ஒரே ஒரு எழுத்து கெட்டுப்போனதால் அந்த பாக்டீரியா லியூசின் கொடுக்காமல் வளராது. அதிலிருந்து, லியூசின் இல்லாமலே வளரும் சில செல்கள் கிடைத்தன. கெட்ட எழுத்து சரியாகிவிட்டதா என்று பார்த்தால் இல்லை, அது கெட்டது கெட்டபடியே இருந்தது. மாறியிருந்தது முறுக்கைத் தளர்த்தும் நொதியின் மரபணு. எழுத்தைத் தொடாமல் முறுக்கை மட்டும் மாற்றி ஊமை மரபணுவைப் பேச வைத்துவிட்டது அது.

வாசிப்பவரே முறுக்குகிறார்

இதுவரை சொன்னதில் முறுக்கு ஒரு பின்னணி மாதிரி தெரியும். 1987இல் லிராய் லியூவும் ஜேம்ஸ் வாங்கும் சொன்னது அதைத் தலைகீழாக்கியது.

மறுபடி சணல் கயிற்றுக்கு வருவோம். இரண்டு முனையையும் சுழலாதபடி கட்டிவிடுங்கள். நடுவில் இரண்டு புரிக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகி, அதையும் சுழலவிடாமல் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். பென்சிலுக்கு முன்னால் கயிறு இறுகி இறுகி ஒரு கட்டத்தில் நகரவே மாட்டேன் என்கும். பின்னால் தளர்ந்து கிடக்கும்.

பாலிமரேஸ்தான் அந்தப் பென்சில். அதன் பின்னால் ஆர்.என்.ஏ வால் தொங்குகிறது, பாக்டீரியாவில் அந்த வாலில் ரைபோசோம்களும் ஏறிவிடுகின்றன. இவ்வளவு பாரத்தோடு அது டிஎன்ஏவைச் சுற்றிச் சுற்றிப் போகமுடியாது, டிஎன்ஏதான் சுழலவேண்டும். நொடிக்கு 40 முதல் 50 எழுத்து வேகத்தில் வாசிக்கிறது என்றால், நொடிக்கு 4, 5 சுற்று முன்னால் நேர்மறையாகக் குவிகிறது, அதே அளவு பின்னால் எதிர்மறையாகக் குவிகிறது. ஆயிரம் எழுத்து மரபணு ஒன்றை முடிப்பதற்குள் ஏறக்குறைய 95 சுற்று. கைரேஸ் முன்னால் வந்து இறுக்கத்தை எடுக்கணும், தளர்த்தும் நொதி பின்னால் வந்து எதிர்மறையைக் குறைக்கணும். இல்லாவிட்டால் வாசிப்பே நின்றுவிடும்.

லியூ-500இன் மீதிக் கதையும் இங்கேதான் தெளிவானது. அந்தப் புரோமோட்டர் விழிப்பதற்குப் பக்கத்தில் இன்னொரு மரபணு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பின்னால் கண்டார்கள். அண்டை வீட்டுக்காரர் கிளப்பிய எதிர்மறை முறுக்கை யாரும் தளர்த்தாததால் அது இங்கே வந்து குமிழியைத் திறந்துவிட்டிருக்கிறது.

அப்படியானால் மரபணு எந்த அண்டையில் இருக்கிறது என்பதும் ஒரு கட்டளைதான். ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி எதிரெதிர்ப் பக்கம் ஓடும் இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் எதிர்மறை முறுக்கு சேரும், இரண்டுக்கும் லாபம். நேருக்கு நேர் ஓடிவரும் இரண்டுக்கு நடுவில் நேர்மறை சேரும். போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் மேலே ஏறும் ஜீப்பும் இறங்கும் லாரியும் மூக்கோடு மூக்கு நிற்பது மாதிரி, இரண்டுமே திணறும்.

ஒரே பக்கம் போகிறவர்கள் கதை வேறு. கயிற்றில் இரண்டு பென்சில் செருகி ஒரே திசையில் தள்ளிப் பாருங்கள். முதல் பென்சிலுக்குப் பின்னால் இருக்கும் தளர்வும் இரண்டாவதுக்கு முன்னால் இருக்கும் இறுக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 2019இல் கிறிஸ்டீன் ஜேக்கப்ஸ்-வாக்னர் குழு ஈ.கோலையில் இதைக் காட்டியது. ஒரு மரபணுவில் வரிசையாகப் பல பாலிமரேஸ்கள் போனால் எல்லாமே வேகமாகப் போகின்றன. புரோமோட்டரை அடைத்துப் புது ஆள் வரவிடாமல் செய்தால், வெகுதூரம் போய்விட்ட பழைய ஆட்களும் வேகம் குறைகிறார்கள். பின்னால் ஆள் வரவில்லை என்பது அவர்களுக்கு முறுக்கு வழியாகத் தெரிகிறது.

நண்பரின் கேள்விக்கு நேரடியான பதில் 2014இல் சன்னி ஷீ குழு வெளியிட்ட வேலையில் இருக்கிறது. நன்றாக ஓடும் பாக்டீரியா மரபணுக்கள் ஒரே சீராக ஓடுவதில்லை. ஒரு வீச்சு ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். வாசிக்க வாசிக்க நேர்மறை முறுக்கு குவிந்து வாசிப்பு நிற்கிறது. ஒரு கைரேஸ் வந்து உட்கார்ந்ததும் முறுக்கு தீர்ந்து அடுத்த வீச்சு தொடங்குகிறது. எழுத்தும் மெஷினும் அதேதான், கயிறுதான் மாறுகிறது.

மலைச்சரிவில் ஒரு பாக்டீரியா

இதெல்லாம் சோதனைச்சாலைச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு சூடோமோனாஸ் தெரியும், அழுகல் நோய்க்கு எதிராகத் தோட்டத்தில் போடும் நல்ல பாக்டீரியா. போடி வெயிலில் கடையில் இருந்த பொட்டலம் ஜீப்பில் ஏறி, சில மணி நேரத்தில் குளிர்ந்த ஈர மண்ணில் விழுகிறது. வெப்பம், உப்பு, உணவு எல்லாம் மாறிவிட்டது. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் சரிசெய்யணும்.

பாக்டீரியாக்களில் இதற்கு முறுக்கு ஒரு பொதுச் சுவிட்ச் மாதிரி வேலை செய்கிறது. கைரேஸுக்கு ஏடிபி தேவை என்று சொன்னேன் அல்லவா? உணவு குறைந்து செல்லில் ஏடிபி குறைந்தால் கைரேஸ் மந்தமாகும், டிஎன்ஏ தளரும், அதற்கேற்ற மரபணுக்கள் ஏறி இறங்கும். உப்பு கூடினால் எதிர்மறை முறுக்கு கூடும். தனித்தனித் தகவல் அனுப்பத் தேவையில்லை, கயிறே செய்தியைக் கொண்டுபோகிறது. பெரும்பாலும் ஈ.கோலை, சால்மோனெல்லாவில் கண்டறிந்த விஷயங்கள் இவை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கிய நீண்டகாலப் பரிணாமச் சோதனையிலும் 12 ஈ.கோலைக் கூட்டங்களில் 10இல், 20 ஆயிரம் தலைமுறைக்குள், டிஎன்ஏவின் முறுக்கு மாறியிருந்தது.

செடிக்கும் இதில் பங்குண்டு. இலைக்குப் பச்சை கொடுக்கும் பசுங்கணிகம் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது, அதற்குச் சொந்த டிஎன்ஏ உண்டு. அங்கே கைரேஸும் இருக்கிறது என்று 2004இல் அராபிடாப்சிஸ் செடியில் காட்டினார்கள். தேனி வட்டாரக் கரும்பு விவசாயிகளுக்கு இதன் கெட்ட முகம் முக்கியம். லீஃப் ஸ்கால்ட் என்னும் கரும்பு நோயில் இலையில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி வெள்ளைக் கோடு விழும். அந்த நோய்க் கிருமி சுரக்கும் அல்பிசிடின் என்னும் நஞ்சு கைரேஸை முடக்குகிறது. பசுங்கணிகம் வளரமுடியாமல் அந்த இடம் வெளுக்கிறது. கைரேஸ் நின்ற இடத்தை இலையில் கண்ணால் பார்க்கலாம்.

காசநோய்க் கிருமியும் ஒரே ஒரு கைரேஸும்

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன மருந்து. 1962இல் நாலிடிக்சிக் அமிலம் என்ற மருந்து வெளிவந்தது. குளோரோகுயின் தயாரிப்பின்போது கிடைத்த பக்கப்பொருளிலிருந்து பிறந்தது அது. குளோரோகுயினுக்கு முன்னோடி, சின்கோனாப் பட்டையின் குயினைன். தேயிலை வருவதற்கு முன் மூணாறு மலையில் துரைமார்கள் நட்டுப்பார்த்த பயிர்களில் சின்கோனாவும் ஒன்று. நாலிடிக்சிக் அமிலத்தின் வாரிசுகள்தான் சிப்ரோஃப்ளாக்ஸசின், ஓஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின். கைரேஸ் டிஎன்ஏவை வெட்டிய நிலையில் அதை ஒட்டவிடாமல் பிடித்து வைப்பதுதான் இவற்றின் வேலை. வெட்டு வெட்டாகவே நிற்கும், கிருமி சாகும்.

ஈ.கோலைக்கு இந்த வகை நொதி இரண்டு உண்டு. காசநோய்க் கிருமிக்கு கைரேஸ் ஒன்றுதான், முறுக்கைத் தளர்த்தவும் ஒரே ஒரு டோபோஐசோமரேஸ்தான். மாற்று ஆள் கிடையாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜா குழு பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. 2017இல் அவர்கள் காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகுதி முழுவதிலும் இந்த நொதிகள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று வரைபடம் போட்டார்கள். வாசிப்பு மும்முரமாக நடக்கும் இடங்களுக்கு இரண்டுமே வந்து சேர்ந்திருந்தன. லியூவும் வாங்கும் 1987இல் சொன்னது நம் ஊர் நோய்க்கிருமிக்குள்ளும் நடக்கிறது என்று தெரிந்தது.

இந்த மருந்துகளை வைத்து ஆறு மாதச் சிகிச்சையை நாலு மாதமாகச் சுருக்கமுடியுமா என்று சென்னையிலும் மதுரையிலும் ஒரு சோதனை நடந்தது. வாரம் மூன்று நாள் மருந்து. 2013இல் வெளியான முடிவு ஏமாற்றம்தான், நோய் திரும்பி வந்தவர்கள் ஆறு மாதச் சிகிச்சையைவிட அதிகம். ஆனால் 2021இல் பல நாடுகளில் நடந்த சோதனையில், தினசரி மாக்ஸிஃப்ளாக்ஸசினோடு ரிஃபாபென்டினும் சேர்ந்தபோது நாலு மாதம் போதும் என்று வந்தது. வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இன்று இந்த வகை மருந்து பெரிய துணை.

அதனால்தான் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கம் தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், லைன் வீட்டில் தங்குகிறவர்கள், இருமல் என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். கடையில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் இந்த வகை மாத்திரை இரண்டு மூன்று தடவை கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் இருமல் கொஞ்சம் அடங்கியது, திரும்ப வந்தது. காசநோய் என்று தெரியும்போது பல வாரம் போயிருந்தது. கிருமி அடங்கியதற்குக் காரணம் மருந்து வேலை செய்ததுதான், ஆனால் அரைகுறையாக. சளிப் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம், நோய் தள்ளிப்போகும். அதைவிட மோசம், கைரேஸ் புரதத்தில் 90ஆவது, 94ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிய கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். பிறகு அவருக்கும், அவரிடமிருந்து தொற்றுகிறவருக்கும் இந்த மருந்து வகையே பயன்படாது. வேறு கைரேஸ் இல்லாத கிருமியிடம் நமக்கு இருந்த பிடி அதோடு போயிற்று.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை, அப்புறம்தான் மாத்திரை. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இதைத் தங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை சொன்னால்கூடப் போதும்.

நம் செல்லுக்குள் டிஎன்ஏ ஹிஸ்டோன் உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு உருண்டையிலும் 147 எழுத்து ஜோடி, ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. பாலிமரேஸ் தள்ளிக்கொண்டு வரும் நேர்மறை முறுக்கு அந்த உருண்டைகளை என்ன செய்கிறது என்பது தனிக் கதை. அடுத்த குறிப்பில் அதை எழுதுகிறேன்.